பட்டுப் பாவாடை இப்போது வேண்டாம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பா விஷயத்தைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தார் சுற்றுவாய். பக்கத்து வீட்டுத் தறிவரை சேதி போய்விடும். அதனால் கடுதாசி. அப்பா இதைச் சத்தம் போட்டுப் படிப்பார் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

பாப்பாவுக்குச் செப்டம்பரில் பள்ளிக்கூடம். பாடத் தெரியுமா, எண்ணத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. டயப்பர் இல்லாமல் இருப்பாளா என்றுதான் படிவத்தில் கட்டம் கட்டிக் கேட்டிருக்கிறார்கள். ஆம் என்று டிக் அடித்தால்தான் இடம்.

போன தடவை வந்தபோது, கைலாசநாதர் கோயில் வாசலில் வைத்து, "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னுமா கட்டிவிடுறீங்க?" என்று பெரியம்மா கேட்டாளே, அதற்குப் பதில் இந்த ஊர் டாக்டர்களிடம் இருக்கிறது. பாஸ்டனில் பிரேசல்டன் என்று ஒரு குழந்தை டாக்டர். அவசரப்படுத்தாதீர்கள், பிள்ளை தானாகத் தயாராகட்டும் என்று 1962-ல் எழுதினார். நல்ல யோசனைதான். அதற்கு முந்தின வருஷம்தான் பாம்பர்ஸ் டயப்பர் கடைக்கு வந்திருந்தது. 1998-ல் வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஆறாம் நம்பர் சைஸ் போட்டபோது, விளம்பரத்தில் வந்து பேசியவரும் அதே டாக்டர். அப்பாவிடம் சொல், நம் நெசவாளர் சங்கத்துச் சேலைக்குக்கூட இப்படி ஓர் ஆள் அமையவில்லை.

அவசரக்காரர்களுக்கும் இங்கே வழி உண்டு. அஸ்ரின், ஃபாக்ஸ் என்று இரண்டு மனோதத்துவக்காரர்கள், ஒரே நாளுக்குள் பழக்கிவிடலாம் என்று 1974-ல் புத்தகமே போட்டார்கள். முதலில் மூச்சா போகும் பொம்மை ஒன்று வேண்டும். அதற்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம் பிள்ளைக்கு வயிறு முட்ட ஜூஸ். சரியாகப் போனால் பாராட்டு, தின்பண்டம். எங்கள் வீட்டில் பொம்மை பாஸ் ஆகிவிட்டது. பாப்பாதான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு மிட்டாய்க்கு நாலு சொட்டு. எழுந்து கையை நீட்டுவாள், வாங்கிக்கொள்வாள், உட்கார்ந்து இன்னும் நாலு சொட்டு. கூலி பேசுவதில் அப்படியே தாத்தா!

நம் வீடாக இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். இங்கே சுவருக்குச் சுவர் கார்ப்பெட். பாத்ரூம் தரையில்கூடத் தண்ணீர் போக ஓட்டை கிடையாது. கறை பட்டால், வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். அவள் கால் மாற்றி நின்றாலே எனக்கு அட்வான்ஸ் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆயா எந்தப் புத்தகத்தைப் படித்தாள்? திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் தம்பியை உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்பாள். வாய் அதைச் சொல்லும்போதே கண் தெருவில் பாவு நீட்டுகிறவர்களைப் பார்க்கும். நடுநடுவே அவர்களுக்கும் ஓர் அதட்டல். தவழ்கிற வயதிலேயே தம்பி பழகிவிட்டான். கிழக்கு ஆப்பிரிக்காவில் டிகோ என்கிற ஜனங்களும் இதே மாதிரி சத்தம் கொடுத்துக் கைக்குழந்தையிலேயே பழக்குகிறார்கள் என்று 1977-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஆயா கேட்டிருந்தால், "இதை எழுதறதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமா?" என்றிருப்பாள்.

தறி வீட்டில் யாருக்குத்தான் ஓய்வு இருந்தது? அப்பா தறிக் குழியில், சித்தப்பா கோர்வைக்கு எதிர்ப்பக்கம், நீ ராட்டையில். பட்டில் ஈரம் பட்டால் கூலி போச்சு. அதனால் பிள்ளை முகத்தைப் பார்ப்பதையே ஆயாவுக்கு வேலையாகக் கொடுத்திருந்தீர்கள். புருவம் சுருங்கினால் போதும், தூக்கிவிடுவாள். பிள்ளை காட்டும் அடையாளத்தைப் பார் என்ற அளவில் பிரேசல்டன் சொன்னதும் இதுதான். ஆனால் பார்க்க ஆள் வேண்டுமே. உன் மருமகள் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறாள். எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்கிற பாடு. மீட்டிங் என்றால் டயப்பரைக் கட்டிவிடுகிறேன். பாப்பா தயார்தான், கம்பெனிதான் இன்னும் தயாராகவில்லை.

ஆயாவின் கண்ணுக்குப் பதிலாகக் கடையில் சாமான் விற்கிறார்கள். நேரம் பார்த்து அதிரும் கைக்கடிகாரம், ஈரம் பட்டால் பாட்டுப் பாடும் குட்டிக் கக்கூஸ் நாற்காலி. நேற்று மேனேஜர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது நாற்காலி பாடிவிட்டது. "அப்பா, வந்துடுச்சு!" என்று உள்கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கேமரா முன்னால் காட்டினாள். அத்தனை பேரும் கைதட்டினார்கள். மேனேஜர் மிட்டாய் தரவில்லை என்பதில்தான் அவளுக்கு வருத்தம்.

ஆகையால் நீ கிளம்பி வா. சென்னையில் விசாவுக்குக் கேள்வி கேட்பார்கள். பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல், போதும். "ஸ்ஸ்ஸ்" எல்லாம் செய்து காட்டாதே.

உன் மகன்

பி.கு.: அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழிக்காமல் அப்படியே கொண்டு வா. பாப்பாவுக்கென்று அவர் நெய்து வைத்திருக்கும் பட்டுப் பாவாடை பெட்டியிலேயே இருக்கட்டும்.