படகுக்காரரும் பாலந்தூக்கியாரும்: மணலூர்பேட்டை மணலிலிருந்து ஓர் ஆய்வு

தூக்குப்பாலத்தை ஆராய மணலூர்பேட்டையை விடத் தோதான களம் கிடையாது. இங்கே தூக்குப்பாலம் இல்லை, விசைப்படகு இல்லை, வருடத்தில் பல மாதம் தென்பெண்ணையில் சொல்லிக்கொள்ளும்படி தண்ணீரும் இல்லை. இராமேசுவரத்துக்காரர் எழுதினால் ரயில் பக்கம் சாய்வார். பாம்பன்காரர் எழுதினால் படகுப் பக்கம் சாய்வார். நான் மணலில் உட்கார்ந்திருக்கிறேன். நடுநிலைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆய்வுப் பொருள் இதுதான்: வழியை அடைத்து நிற்கும் ஒன்றைத் தூக்கிவிடும் ஆளிடம், போயே தீரவேண்டிய ஆள் எப்படி நடந்துகொள்கிறார்? இதுபற்றி முன்னோர் நூற்பா எதுவும் செய்து வைக்காததால் நானே செய்தேன்:

காக்க வைப்பான் தலை; காத்திருப்பான் இடை;
காத்திருப்பானைக் கண்டு களிப்பான் கடை.

உரையும் நானே எழுதவேண்டியிருக்கிறது.

தலையாயவர், பாம்பன் பாலந்தூக்கியார். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுக்கண், ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி செய்தது. அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஊழியர்கள் நின்று கையாலேயே சுற்றினால், இரும்புக் கைகள் இரண்டும் மெல்ல மேலே எழும். கப்பல் கேட்டதும் இது நடந்துவிடாது. துறைமுக அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும், கட்டணம் கட்டவேண்டும், ரயில்வே சம்மதிக்கவேண்டும், காற்றும் நீரோட்டமும் சம்மதிக்கவேண்டும். அதுவரை வடகடலிலோ தென்கடலிலோ நங்கூரம் போட்டுக் கிடக்கவேண்டியதுதான். இப்படிக் கிடக்கும் கப்பல்காரர்களே நம் இடையாயவர். ஒரு கப்பலுக்காகப் பாலம் எழும் நாளில், பின்னாலேயே விசைப்படகுகள் வரிசை கட்டிக் கடந்துவிடும்.

கடையாயவருக்கு இடம் அமைத்துக் கொடுத்தது அரசு. 1988இல் பக்கத்திலேயே சாலைப் பாலம் திறந்த பிறகு, பஸ்ஸையும் வேனையும் ஓரங்கட்டிவிட்டு, மேலே நின்று கப்பல் கடப்பதைப் பார்க்கும் ஒரு தனி இனம் உருவானது.

நாட்டுப்படகுக்காரர் இந்த வகைப்பாட்டில் சேரவில்லை. பாலத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடியில் புகுந்து போய்விடுகிறார். அதிகாரத்தைப் பற்றி யார் ஆராய்ந்தாலும் இப்படிப்பட்ட ஆட்களால் தொல்லைதான்.

பிறநாட்டு வழக்கையும் ஒப்பிடாவிட்டால் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1894இல் திறந்த லண்டன் டவர் பாலத்தில் படகுதான் ராஜா. 24 மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும், காசு வாங்காமல் தூக்கிவிடுகிறார்கள். 1997இல் அமெரிக்க அதிபர் கிளிண்டனின் கார் வரிசை பாதி கடந்தபோது, ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலம் எழுந்து, மீதிக் கார்கள் அக்கரையில் நின்றன. நெதர்லாந்தில் சில இடங்களில் பாலக்காரர் தூண்டிற்கோலில் மரச்செருப்பைக் கட்டிப் படகுக்கு நேராக இறக்குவார். கட்டணத்தை அதில் போடவேண்டும். அமெரிக்காவில் படகு ஒரு நெட்டூதல், ஒரு குற்றூதல் ஊதிக் கேட்கும். திறக்க முடியாதென்றால் பாலத்திலிருந்து ஐந்து குற்றூதல் வரும். நம் பக்கத்தில் ஒரு ‘முடியாது’க்கு யாரும் இத்தனை மூச்சைச் செலவழிப்பதில்லை. சாப்பிடப் போய்விடுவார்கள்.

2025 ஏப்ரல் 6 முதல் பாம்பனில் புதுப் பாலம். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. சுமார் 5 நிமிட வேலை, எல்லாம் மோட்டார். முன்பு கையால் சுற்றியவரைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வெரசாச் சுத்தக் கூடாதாண்ணே?” என்று படகிலிருந்து கத்தவாவது ஆள் இருந்தது. மோட்டாரை அண்ணே என்று கூப்பிட முடியாது. நாட்டுக்கு இது லாபம், என் ஆய்வுக்கு நஷ்டம்.

‘இதற்கும் மணலூர்பேட்டைக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்பது பூர்வபட்சம். சித்தாந்தம் வருமாறு: பாம்பனில் பாலம் எழுகிறது, இங்கே ஆறு எழுகிறது. 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் 119 அடிவரை நீர் நிற்கும். அங்கே மதகு திறந்தால் இங்கே தரைப்பாலத்தைக் கடக்கவேண்டியவர் கரையில் நிற்கிறார். போலீஸ் தடுப்புக் கட்டை போடுகிறது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்கிறது. தலை, இடை, கடை மூவரும் வந்தாயிற்று.

நூற்பா உடைந்தது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் மழையில் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடிவரை நீர் வந்தபோது, திறந்து சில மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டுப் பாலத்தை ஆறே தூக்கிக்கொண்டு போனது. எழுதிக் கொடுத்தோ, ஊதியோ, செருப்பில் காசு போட்டோ பேச முடியாத இந்தப் பாலந்தூக்கியாரை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்கள் தை 5 அன்று, அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருளும்போது, ஆற்றங்கரைக்கு வரலாம். மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: தரைப்பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், தண்டோரா சத்தம் கேட்டால் கரையேறிவிடுங்கள்.