பாஸ்வேர்டை மாத்தாதே மாப்ள!

ஏன் மாப்ள, வைஃபை பாஸ்வேர்டை மாத்தப் போறயாமா? உங்கம்மா சொல்லுச்சு. கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. நல்லாப் போயிட்டு இருக்கறதை எதுக்குக் கெடுக்கோணும்?

பொழுதோட உன்ற காம்பவுண்டுச் சுவத்தோரம் சித்த வந்து பாரு. சின்னப் பாலத்துத் திண்டுல எளவட்டம் அஞ்சாறு பேரு குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருப்பானுக. பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட அவனுக இத்தனை அடக்கமா உக்காந்தது கெடையாது. அத்தனையும் உன்ற வைஃபை குடுத்த ஒழுக்கம். உன்ற மாடியில வாடகைக்கு இருந்து காலி பண்ணிப் போன வாத்தியாரு பின்னாடிச் சந்துலயேதான் வீடு புடிச்சாரு. வாடகை கொறைச்சல்னு சொன்னாரே ஒழிய, சிக்னல் எட்டுதுன்னு சொல்லலை. நான் மட்டும் என்ன, கட்டுத்தரையில கயித்துக் கட்டலைப் போட்டுப் படுத்துக்கிட்டு ஈரோட்டு மஞ்சள் விலை பாக்கறது உன்ற தயவுலதான். இத்தனை சனத்தோட பொழப்புல மண்ணைப் போடறது உனக்கே நல்லாருக்குதா?

அதனால என்ற மொத யோசனை, மாத்தாதே. மாசாமாசம் பில்லைக் கட்டு. ‘நெட்டு ஏன் இழுத்துக்கிட்டு நிக்குது’ன்னு கேபிள் தம்பிக்குப் போனைப் போட்டுச் சத்தம் போடு. படம் நின்னு நின்னு சுத்தறப்ப எந்திரிச்சுப் போயி ரவுட்டர் மண்டையில ரெண்டு தட்டுத் தட்டு. குத்தம் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். நம்மூருக்கு அது புதுசா என்ன?

சரி, இப்ப இருக்கற பாஸ்வேர்டு என்ன? உன்ற செல் நம்பரு. அடேயப்பா, என்ன மூளை! மோட்டார் ரூம் கதவுல, டிராக்டர் பொறத்தால, கோயில் கும்பாபிசேக ஃபிளெக்ஸ்ல, பாப்பா காதுகுத்துப் பத்திரிகையில, எங்கெங்க எடம் இருக்குதோ அங்கெல்லாம் நீயே போட்டு வெச்சிருக்கற நம்பரு. அதும் பத்தாதுன்னு டிவிக்குப் பக்கத்துல மாட்டின தினசரி காலண்டர் அட்டையில, கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழ, நீலப் பேனாவுல ‘வைஃபை’னு தலைப்புப் போட்டு, கீழ ரெண்டு கோடும் இழுத்து எழுதியிருக்கறே. ஒறம்பரை வந்து உக்கார்ற நாற்காலிக்கு நேர் எதுக்கால. குடிக்கத் தண்ணி கேக்கறதுக்கு முன்னாடி அவங்க கண்ணு அங்கதான் போகுது.

காலண்டரைப் பாக்காதவனுக்கும் வழி இருக்குது. நம்ம நாட்டுச் செல் நம்பரு 10 எலக்கம், மொத எலக்கம் 6-லருந்து 9-க்குள்ள. ஆக மொத்தம் 400 கோடி நம்பருக்கு மேல போகாது. உன்ற போனும் ரவுட்டரும் சேர்றப்ப ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற பேச்சைக் காத்துல புடிச்சுக்கிட்டுப் போயிட்டான்னா, அப்பறம் அவன் உன்ற வாசப்படியை மிதிக்க வேண்டியதே இல்லை. கேம் வெளையாடறதுக்குப் பசங்க ஆசைப்பட்டு வாங்கற உசந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு, செகண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல போட்டுப் பாத்துரும். கணக்குப் போட்டுக்க. நீ குளிச்சுட்டுச் சோறுண்டுட்டு வர்றதுக்குள்ள 400 கோடியையும் அலசிப்போடும்.

என்னைய அப்பிடிப் பாக்காதே. அஞ்சாப்புத் தாண்டாதவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னுதானே? எல்லாம் உன்ற நெட்டுல படிச்சதுதான்.

‘போகட்டும் மாமா, நாலு பேரு படம் பாத்துட்டுப் போறாங்க, நமக்கென்ன நட்டம்’னு நீ சொல்லுவே. நல்ல மனசு. 2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத்துல குண்டு வெடிச்சுதல்லோ, அதுக்குச் சித்த நேரம் முன்னாடி டிவிக்காரங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போச்சு. போலீசு தடம் புடிச்சுக்கிட்டுப் போயி நின்னது நவி மும்பையில ஒரு அமெரிக்காக்காரரு ஃபிளாட்டு வாசல்ல. மனுசனுக்கு ஒண்ணுந் தெரியாது. அவரு வீட்டு வைஃபையில எவனோ நொழைஞ்சு அனுப்பிச்சுட்டுப் போயிட்டான். போலீசு கையில இருக்கறது இணைப்பு யாரு பேருல இருக்குதுங்கற வெவரந்தான். திண்டுல உக்காந்திருந்தவன் மொகரை அதுல இருக்காது. நீ எச்சாக் கவலைப்படாதே, விசாரிச்சு முடிச்சதும் விட்டுருவாங்க. அது வரைக்கும் உன்ற தோட்டத்துக்கு நான் தண்ணி கட்டிக்கறேன்.

இத்தனைக்கும் மேல மாத்தியே தீருவேன்னு நிக்கறயா? சரி, எதை மாத்தப் போறே? பாஸ்வேர்டு ஒண்ணில்லை மாப்ள, ரெண்டு. ஒறம்பரை கேக்கறது ஒண்ணு. ஒருத்தரும் கேக்காதது இன்னொண்ணு, ரவுட்டருக்குள்ளயே போயி செட்டிங்கை மாத்தறதுக்கானது. நம்ம கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி மொண்டுக்கறவனும், மடையைத் தொறந்து மூடறவனும் ஒண்ணா? மொதப் பாஸ்வேர்டு தெரிஞ்சவன் மொண்டுக்கிட்டுப் போவான். ரெண்டாவது தெரிஞ்சவன் வாய்க்காலையே வேற பக்கம் திருப்பி உட்டுருவான். நீ மொண்டுக்கறவனைக் கண்டு மொறைக்கறே. மடையில, யூசர் நேமு அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்னு, பொட்டி வந்த அன்னைக்கு இருந்தபடியே கெடக்குது.

திருப்பி உட்டா என்ன ஆகுமுன்னு பிரேசில்காரங்களைக் கேளு. 2011, 2012-ல அங்க 45 லட்சம் மோடத்துல இந்த வேலை நடந்துச்சு. மோடத்து மென்பொருள்ல இருந்த ஓட்டை வழியா உள்ள பூந்து, அட்ரசுக்கு வழி காட்டற டிஎன்எஸ்-ங்கற செட்டிங்கை மாத்திட்டு வந்துட்டானுக. சனங்க பேங்கு அட்ரசைச் சரியாத்தான் அடிச்சாங்க. போயி நின்னது அவனுக கட்டி வெச்ச பொய் பேங்குல.

2016-ல மிராய்னு ஒரு கெட்ட மென்பொருள் கெளம்புச்சு. ஊரு உலகத்துல இருந்த கேமரா, டிவிஆர், ரவுட்டர்னு ஒவ்வொண்ணாப் போயித் தட்டிப் பாத்துச்சு. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் 62 ஜோடி யூசர் நேமும் பாஸ்வேர்டும்தான். அட்மின்-அட்மின் மாதிரி, கம்பெனி போட்டுக் குடுத்து ஒருத்தரும் மாத்தாம உட்டது. அதுக்கே லட்சக்கணக்குல பொட்டிக சிக்கிச்சு. அந்த வருசம் அக்டோபர் 21-ம் தேதி அப்பிடிச் சிக்குன பொட்டிக சேந்து, அதே டிஎன்எஸ் வேலை பாக்கற டைன்-ங்கற கம்பெனி மேல பாஞ்சதுல, ட்விட்டரும் நெட்ஃபிளிக்சும் அமெரிக்காவுல படுத்துக்கிச்சு. மிராயைக் கட்டினது மூணே மூணு எளவட்டங்க, மைன்கிராஃப்ட் வெளையாட்டு சர்வர் வெச்சிருக்கறவங்களோட போட்டியில ஆரம்பிச்ச வேலை. 2017 டிசம்பர்ல குத்தத்தை ஒத்துக்கிட்டானுக. இதையெல்லாம் பாத்துட்டுத்தான், லேசுல ஊகிக்கற மாதிரிப் பாஸ்வேர்டு போட்டுப் பொருளை விக்கக் கூடாதுன்னு பிரிட்டன்ல சட்டமே போட்டாங்க. 2024 ஏப்ரல் 29-லருந்து நடைமுறையில இருக்குது. நீ பாத்த வேலைக்கு, வாங்கறவனுக்கும் ஒரு சட்டம் போட்டாத் தேவலை.

மாத்தற வேலை என்னமோ அஞ்சு நிமிசந்தான். ரவுட்டர் மேல தூசி படாம இருக்கட்டும்னு உங்கம்மா போட்டு வெச்சிருக்கற பூப்போட்ட துணியை மொதல்ல எடு, சூட்டுல வேகுது பாவம். அடியில ஸ்டிக்கர்ல 192.168.1.1-ன்னோ 192.168.0.1-ன்னோ இருக்கும். அந்த வைஃபையிலயே இருந்துக்கிட்டு, பிரவுசர்ல மேல அட்ரஸ் அடிக்கற கட்டத்துல அதை அடி. கூகுள் கட்டத்துல அடிச்சுப்போட்டு, ‘எத்தனை பதில் வந்திருக்குது பாரு மாமா’ன்னு பெருமையா உக்காந்துக்காதே. உள்ள போனதும் அந்த அட்மின் பாஸ்வேர்டைத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வை. அப்பறம் வயர்லெஸ் பக்கத்துக்குப் போ. பாதுகாப்புங்கற எடத்துல டபிள்யூபிஏ3 இருந்தா அது, இல்லாட்டி டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி-ன்னு இருந்தாத் தொடாதே, அது 2001-லயே பொத்தலாப் போன சமாச்சாரம். டபிள்யூபிஎஸ்-ங்கறதை அணைச்சுப்போடு. எட்டு எலக்கப் பின் நம்பரு, பாத்தா 10 கோடி வழி இருக்கறாப்பல தெரியும். அதைப் பாதி பாதியாப் பிரிச்சுச் சரி பாக்கறதாலயும், கடைசி எலக்கம் மத்த ஏழுலருந்தே கணக்குல வந்துர்றதாலயும் 11,000 தடவை போட்டுப் பாத்தாலே தொறந்துருமுன்னு 2011-ல கண்டுபுடிச்சுட்டாங்க. மென்பொருள் அப்டேட்டுனு எங்கயாவது தெரிஞ்சா அதையும் ஒரு தட்டுத் தட்டு. மண்டையில தட்டறதைவிட இது பிரயோசனம்.

புதுப் பாஸ்வேர்டு 8 எழுத்துலருந்து 63 எழுத்து வரைக்கும் வெக்கலாம். பாப்பா பேரு, ஒரு அட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு நீ மனசுக்குள்ள கூட்டறது என்ற காதுல உழுகுது, வேண்டாம். அமெரிக்காவுல நிஸ்ட்-னு ஒரு அரசாங்க நிறுவனம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பரு, கோணல்மாணலாக் குறி எல்லாம் கலக்கோணும், அடிக்கடி மாத்தோணும்னு 2003-ல அங்க எழுதி வெச்சவரு பில் பர். உலகம் முச்சூடும் அதைக் கேட்டுத் தலையைப் பிச்சுக்கிச்சு. 2017-ல அந்த மனுசனே, அதுல பலதுக்கும் இப்ப வருத்தப்படறேன்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லிட்டாரு. அந்த நிறுவனமும் அதே வருசம் பேச்சை மாத்திக்கிச்சு. நீளந்தான் முக்கியம், காரணமில்லாமச் சும்மாச் சும்மா மாத்தாதேன்னு. அதனால, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தையை இங்கிலீசு எழுத்துல சேத்து எழுது. ‘ஊறுகாய் பம்பரம் கட்டுத்தரை மழைக்கோட்டு’ன்னு. இதையே வெச்சுராதே, நான்தான் சொல்லிட்டேனே.

எல்லாம் சின்ன எழுத்தாவே இருக்கட்டும். ஏன்னா டிவியிலயும் அதை நீதான் அடிக்கோணும். ரிமோட்டைப் புடிச்சுக்கிட்டு அம்புக்குறியை ஒவ்வொரு கட்டமா நவுத்தி, ‘கே’யைத் தாண்டி ‘எல்’லுக்குப் போயி, திரும்பி வந்து, கடைசி எழுத்துல ஓகேவுக்குப் பதிலா பேக்கை அமுக்கி, மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிப்பே. அந்த நேரம் பாத்து உங்கம்மா சீரியலுக்கு வந்து உக்காந்துச்சுன்னா உன்னையக் காப்பாத்த என்னால ஆகாது. காத்தால நேரத்துல வெச்சுக்க.

சேவ் குடுத்ததும் நெட்டு அந்துபோகும். பதறாதே. உன்ற போனையே அது வெளிய தள்ளியிருக்குது, அவ்வளவுதான். பழசை ‘ஃபர்கெட்’ குடுத்துட்டுப் புதுசைப் போடு. பதட்டத்துல பொறத்தால இருக்கற குண்டூசி ஓட்டைக்குள்ள ஊக்கை உட்டு நோண்டினயின்னா சோலி முடிஞ்சுது. அது ரீசெட்டு. உன்ற பாஸ்வேர்டோட சேத்து, லைனுக்காக ஏத்தி வெச்ச யூசர் நேமும் அழிஞ்சாலும் அழிஞ்சு போகும். அப்பறம் கேபிள் தம்பிக்குப் போன் போட்டா, ‘வந்துக்கிட்டே இருக்கறனுங்ண்ணா’ங்கும். நாளன்னைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

இத்தனையும் பழுதில்லாம முடிச்சுட்டேன்னே வெச்சுக்க. எது வரைக்கும் தாங்கும்? ஞாயித்துக்கெழமை வரைக்கும். ஒறம்பரை வருவாங்க, காப்பியைக் குடிச்சுட்டு டம்ளரை வெக்கறப்பவே ‘வைஃபை இருக்குதுங்ளா’ம்பாங்க. இல்லைன்னு சொல்ல உனக்கு வாயி வராது. நீ சொல்லாட்டியும் உன்ற பையன் போனைத் தொறந்து கியூஆர் கோடைக் காட்டிருவான். ரொம்பப் போன்ல அதுக்குக் கீழயே பாஸ்வேர்டும் எழுத்துக்கெழுத்தா நிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு வெச்சு அலசி உள்ள வந்தவன் நம்மூர்ல ஒருத்தனும் இல்லை மாப்ள. திண்டுல உக்காந்திருக்கறவன் அத்தனை பேருக்கும் நீயோ உன்ற வீட்டாளோ வாயாரச் சொல்லிக் குடுத்ததுதான். பாஸ்வேர்டு போறது திருட்டுலயில்லை, நம்ம கூச்சத்துல.

அதுக்கும் ஒரு வழி பண்ணித்தான் வெச்சிருக்கறாங்க. கெஸ்ட் நெட்வொர்க்குனு அந்தச் செட்டிங்லயே இருக்கும். தனிப் பேரு, தனிப் பாஸ்வேர்டு. அதுல சேந்தவங்களுக்கு நெட்டு வரும், உன்ற கேமரா, கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பாக்க உடாது. காலண்டர் அட்டையில அதைப் பெருசா எழுதித் தொங்க உடு. ஆனா அதுவும் உன்ற லைனுதான், போலீசு வந்தா உன்னையத்தான் கேக்கும். நோம்பி முடிஞ்சு ஒறம்பரை வண்டியேறினதும் அணைச்சுப்போடு. மூலப் பாஸ்வேர்டு உனக்கும் அம்மிணிக்கும் மட்டும். எழுதி வெக்கறது தப்பில்லை, பத்திரம் இருக்கற பீரோவுல வை. மாசாமாசம் மாத்த வேண்டாம். குடியிருந்தவங்க காலி பண்ணினா, போனு தொலைஞ்சு போனா, வாயி தவறி யாருகிட்டயாவது ஒளறிட்டா, அன்னைக்கே மாத்து.

மாத்தினதும் மொத ஆளா நான்தான் வருவேன். உனக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சிருந்தவன் நானு, அன்னைக்கு நீ கத்துன கத்துல என்ற செவி இன்னம் கொய்யுங்குதுன்னு ஆரம்பிப்பேன். பேரன் வெளியூர்லருந்து வீடியோ கால் பண்றான், ஒருக்காச் சொல்லு கண்ணும்பேன். வேணும்னாக் கண்ணுல தண்ணிகூட வெச்சுக்குவேன். நீ அசையாம ‘அந்தக் காலண்டர்ல இருக்குது மாமா’ன்னு கையைக் காட்டோணும். தாய்மாமனையே சமாளிச்சவன் ரவுட்டருக்குள்ள எவனும் பூந்துர முடியாது. அந்தத் தெம்பு இல்லையா, அஞ்சு நிமிசத்தை ஏன் மாப்ள வீணடிக்கறே? செல் நம்பரே இருக்கட்டும். எனக்கு அது மனப்பாடம்.