ஒண்ணும் பண்ணாது சார்!

தமிழ்நாட்டில் அதிகம் பொய்த்துப்போகும் வாக்குறுதி எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இல்லை. வீட்டு வாசலில் இருக்கிறது. கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று போர்டு தொங்கும். உள்ளே, சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி, “ஒண்ணும் பண்ணாது சார், சும்மா வாங்க” என்பார் வீட்டுக்காரர். போர்டை நம்புவதா, ஆளை நம்புவதா என்று கூரியர்காரர் குழம்பி நிற்பார். நம்பத் தகுந்த மூன்றாவது தரப்பும் அங்கேதான் நிற்கிறது. அது தன் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: உர்ர்ர்.

இந்த உறுமல் குற்றமல்ல, முன்னறிவிப்பு என்பதே என் கட்சி. “திடீர்னு கடிச்சிருச்சு” என்கிறோம். திடீர் என்பது நமக்குத்தான். விருந்தாளி வீட்டுக் குழந்தை, வீட்டு நாய் டைகரின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது; ஆளுக்கொரு செல்போன் வெளியே வருகிறது. டைகர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது. எதையும் தின்னாமலே மூக்கை நக்குகிறது. காது பின்னால் மடிகிறது. ஓரக்கண்ணில் வெள்ளை, பிறை போலத் தெரிகிறது. உடம்பு மரக்கட்டையாக விறைக்கிறது. அதற்கும் பிறகுதான் உர்ர். ஆக்கிரமிப்பை இடிக்க வருகிறவர்கள்கூட இத்தனை நோட்டீஸ் கொடுப்பதில்லை. நாமோ, “கொட்டாவி விடுறது எவ்ளோ அழகு பாரு” என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வால் ஆடுகிறதே என்பார்கள். உயரத் தூக்கி விறைப்பாக ஆட்டும் வால் எப்போதும் வரவேற்பு வளைவு அல்ல.

உறுமியதும் நம் கை தானாகச் செருப்பைத் தேடுகிறது. அடி விழுந்தால் நாய் பாடம் கற்கத்தான் செய்யும்: உறுமினால் அடி விழும் என்று. அதனால் உறுமலை விட்டுவிடும். உறுமவைத்த பயத்தை விடாது. குக்கர் சத்தம் போடுகிறதே என்று வெயிட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுப்பை எரியவிடும் புத்திசாலித்தனம் இது. அடுத்த முறை நோட்டீஸ் வராது, நேரே பல்தான்.

“அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், நாம்தான் தலைவன் என்று காட்டாவிட்டால் நாய் தலையில் ஏறி உட்காரும்” என்று ஆட்சேபம் வரும். இந்தத் தலைவர் தத்துவத்தின் வேர், 1947-இல் ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி எழுதிய ஆய்வு. அதைத் தன் 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், 1999-இல் திருத்திக்கொண்டார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். ஒரு குடும்பத்தைப் பார்த்துக் கட்சி என்று நினைத்து, நாம் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருக்கிறோம். அடி பலிக்கிறதா என்றால், அமெரிக்காவில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர், அது பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியதாகச் சொன்னார்கள். அண்ணன் தம்பியே தேவலை.

“எல்லாம் இனத்தின் கோளாறு” என்பது அடுத்த வாதம். 2024 மார்ச்சில் மத்திய அரசும் 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பெரிய தாடை கடித்தால் பெரிய காயம் என்பது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் காது வலிக்கும் பொமரேனியனும் கடிக்கும், நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் ராஜபாளையமும் கடிக்கும். பட்டியல் போட வேண்டியது இனங்களை அல்ல, காரணங்களை: வலி, பயம், சோற்றுத்தட்டில் கை வைக்கும் மனிதர்.

அப்படியானால் உறுமட்டும் என்று சும்மா விடுவதா? இல்லை. முதலில் குழந்தையை நகர்த்த வேண்டும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூட்டுவலியைச் சொல்ல அதற்கு வேறு பாஷை இல்லை. தட்டைப் பிடுங்கிப் பார்ப்பதை விட்டு, எட்ட நின்றே ஒரு சிக்கன் துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்தால், மனிதர் வருவது கொடுக்கத்தான் என்று அதற்குப் புரியத் தொடங்கும். கடித்துப் பழகிய நாய் என்றால் வெளியே போகும்போது வாய்க்கூடு, கூடவே பயிற்சியாளர். இத்தனையும் செய்யாமல் கேட்டில் நின்று சொல்லும் அந்த வாக்கியத்தில் எழுவாய் மட்டும்தான் பிழை. ஒண்ணும் பண்ணாதது நாய் அல்ல, வீட்டுக்காரர்.