வெஸ்டோன்காரர்

கிப்சன் லெஸ்பால் வைத்திருப்பவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கிட்டாரின் தலையில் பொறித்திருக்கும் பெயர் அவருக்காகப் பேசிவிடும். அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருக்கலாம். வெஸ்டோன் வைத்திருப்பவருக்கு அந்தச் சுகம் கிடையாது. பெட்டியைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் குனிந்து தலையைப் பார்ப்பார், கண்ணைச் சுருக்குவார், “வெஸ்டோனா?” என்பார். அந்த ஒரு கேள்விக்காக நம்மவர் வருடக்கணக்காகத் தயாராகியிருக்கிறார். அடுத்த முக்கால் மணி நேரம் ஜப்பானியத் தொழில் வரலாறு ஓடும். கிட்டார் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் இவரைச் சுலபமாகப் பார்க்கலாம். 1980-களில் வெஸ்டோன் தண்டர் என்ற மாடல் அங்கே எத்தனையோ பையன்களின் முதல் கிட்டாராக இருந்தது. அந்தப் பையன்களுக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது, பேச நேரமும் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் இருப்பவர் இவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர் கையில் எலெக்ட்ராவோ வான்டேஜோ இருக்கும். பெயர்தான் வேறு, பேச்சு ஒன்றே.

அந்தப் பேச்சு ஜப்பானில் மாட்சுமோட்டோ என்ற ஊரிலிருந்து தொடங்கும். அங்கே மாட்சுமோக்கு என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. நம் பாட்டிமார் காலால் மிதித்த சிங்கர் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. மரவேலை தெரிந்த கைகள் கிட்டாருக்குத் திரும்பின. வெஸ்டோன், ஆரியா புரோ, வான்டேஜ் என்று யார் யார் பெயரையோ தலையில் ஒட்டி அனுப்பின. 1987-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இது வரைக்கும் சொல்லும்போது நம்மவர் குரல் நிதானமாகத்தான் இருக்கும். இதற்கு அடுத்த வரியில்தான் உயரும்: “எபிஃபோன் யாருடைய கம்பெனி? கிப்சனுடையது. 1970-களில் எபிஃபோனை எங்கே செய்தார்கள்? இதே மாட்சுமோக்குவில்!” சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கலெக்டர் ஆகாத மகனைப் பற்றிப் பேசும் அப்பாக்களைக் கேட்டிருக்கிறீர்களா? “கலெக்டரும் இவனும் ஒரே பெஞ்சு” என்பார்கள். பையனுக்கு என்ன தெரியும், என்ன செய்கிறான் என்பது கடைசி வரை வெளியே வராது. கலெக்டரின் பெருமைதான் ஊரெங்கும் ஒலிக்கும். என் கட்சி இதுதான். கிப்சனுக்கும் அதன் போட்டியாளரான ஃபெண்டருக்கும் சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்கிற ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் கிப்சன் வாங்கியவர் அல்ல. வாங்காத இந்த வெஸ்டோன்காரர்தான்.

சந்தேகமிருந்தால் அவர் கிட்டாரை விற்கும்போது எழுதும் விளம்பரத்தைப் பாருங்கள். “வழக்குக் காலத்துக் கிட்டார்” என்று ஒரு சொல் கட்டாயம் இருக்கும். வழக்கு நடந்தது மெய்தான். 1977-இல், அப்போது கிப்சனுக்கு முதலாளியாக இருந்த நார்லின் நிறுவனம், ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் கம்பெனி மீது பிலடெல்ஃபியா நீதிமன்றத்துக்குப் போனது. கிட்டாரின் தலை எங்கள் கிட்டாரின் தலை மாதிரியே இருக்கிறது என்பது புகார். மரத்தைப் பற்றியோ நாதத்தைப் பற்றியோ யாரும் வழக்காடவில்லை. தகராறு முழுக்கத் தலையின் வெட்டைப் பற்றியது. வழக்குப் போடும்போதே ஐபனேஸ் தலையை மாற்றிக்கொண்டிருந்தது. 1978-இல் இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டன. வழக்கு ஒன்று, பிரதிவாதி ஒருவர். ஆனால் இன்றைக்கு 1970-களில் ஜப்பானிலிருந்து கப்பலேறிய கிட்டார் ஒவ்வொன்றும் அந்தக் கூண்டில் ஏறி நின்றதாகச் சொல்லிக்கொள்கிறது. போதாததற்கு, 1980-களில் வந்த, கிப்சனின் தலையும் இல்லாத, உடம்பும் இல்லாத, இரண்டு கொம்பு வைத்துத் தன் பாட்டுக்குப் பிறந்த தண்டருக்கும் அந்த வழக்கில் பங்கு கேட்கிறார் நம்மவர். பெரிய இடத்தோடு வழக்கு என்றால் அதுவும் ஒரு சம்பந்தம்தானே. கல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் என்ற கிட்டாரை இந்தியாவில் கிட்டார் கற்றவர்கள் அறிவார்கள். எத்தனையோ பேருக்கு விரல் நுனி முதலில் காய்த்தது அதன் கம்பியில்தான். கிப்சனுக்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அது தன் ஆசையை ஒளிக்காமல் தலையிலேயே எழுதி ஒட்டிக்கொண்டது. நம்மவர் அதே ஆசையை முக்கால் மணி நேரமாகப் பேசுகிறார்.

இனி அவர் கிட்டாரை மதிப்பிடும் முறை. வாசித்துப் பார்ப்பது அதில் கடைசிக் கட்டம், பெரும்பாலும் அங்கே போய்ச் சேருவதில்லை. முதலில் குளியலறைத் தராசு. கிட்டார் நாலரைக் கிலோ இருந்தால், கனமான மரம், நாதம் நின்று பேசும். மூன்று கிலோ இருந்தால், இலேசான மரம், நாதம் உடனே எழும். நாலரையும் மூன்றும் ஒரே தீர்ப்பைத் தருகிற தராசு வேறெங்கும் கிடைக்காது. அப்புறம் வரிசை எண். முதல் இலக்கங்களை வைத்து ஆண்டு கணிப்பது, ஜாதகத்தில் லக்னம் பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். பிறகு திருப்புளியை எடுத்து முதுகுத் தகட்டைக் கழற்றி, பற்றவைத்த இடங்களையும் வால்யூம் கன்ட்ரோலையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். மரத்தைப் பற்றி அவருக்கு உறுதியான கொள்கை உண்டு. சொல்லப்போனால் இரண்டு உண்டு. கிப்சன்காரர் மஹோகனியைப் பற்றிப் பெருமையடித்தால், மின்கிட்டாரில் மரத்துக்கு என்ன வேலை என்று கேட்பார்: பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய சுருள், எஃகுக் கம்பி அதன் மேல் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அவ்வளவுதான் ஐயா, மரத்தை அதற்குத் தெரியவே தெரியாது. பேச்சு தன் கிட்டாருக்குத் திரும்பியதும் மரத்துக்கு உயிர் வந்துவிடும். தையல் மிஷின் பெட்டி செய்தவர்கள் பதப்படுத்திய மரம் என்பார், நாற்பது வருடம் உலர்ந்த மரம் என்பார், தட்டிக் காட்டுவார்.

இதைப் படிக்கும் வெஸ்டோன்காரர் ஒருவர் இந்நேரம் எழுந்து நின்றிருப்பார்: “கேலி இருக்கட்டும், கிட்டார் நல்லதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.” நல்லதுதான். சந்தேகமே இல்லை. கிட்டாரில் சுருதியை முடிவு செய்வது கம்பெனியின் பெயர் அல்ல, இரண்டின் பன்னிரண்டாம் மூலம். கம்பி தொடங்கும் நட்டிலிருந்து முடியும் பாலம் வரைக்குமான நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த முதல் உலோகக் கட்டை, எங்கே என்று தெரிந்துவிடும். மிச்சத்தை மறுபடி வகுத்தால் இரண்டாவது. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில் வந்து விழும். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபெண்டரில் முதல் ஃப்ரெட் 36 மில்லிமீட்டர் சொச்சத்தில் நிற்கிறது. அதே நீளத்தில் பெயரே இல்லாத கிட்டார் ஒன்றைச் செய்தாலும் அங்கேதான் நின்றாக வேண்டும். இந்தக் கணக்குக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. அதற்கு மேல் வேண்டியது ஃப்ரெட்டுகள் ஒரே மட்டத்தில் இருப்பது, நட்டில் பள்ளம் சரியான ஆழத்தில் இருப்பது, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகினால் கழுத்து சொன்னபடி கேட்பது. மாட்சுமோக்குவின் ஆட்கள் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள். பெரிய கம்பெனிகளின் கதையோ அந்தக் காலத்தில் அவ்வளவு சிலாக்கியமில்லை. 1965-லிருந்து 1985 வரை ஃபெண்டர் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் கையில் இருந்தது. தரம் சரிந்த காலம் என்று ஃபெண்டர் பக்தர்களே பெருமூச்சு விடும் காலம் அது. கடைசியில் 1982-இல் ஃபெண்டரே ஜப்பானுக்குப் போய், அதே மாட்சுமோட்டோ ஊரிலுள்ள ஃபுஜிகென் தொழிற்சாலையில் தன் பெயரில் கிட்டார் செய்ய ஏற்பாடு பண்ணிக்கொண்டது. ஆக, சொல்வதற்கு நம்மவர் கையில் நல்ல சரக்கு இருக்கிறது. இருந்தும் அவர் என்ன சொல்கிறார்? ஃப்ரெட் மட்டமாக இருக்கிறது என்றா? மேல் கட்டையில் கம்பி நெருடாமல் ஓடுகிறது என்றா? “ஃபெண்டரே அங்கே வந்தது பாருங்கள்!” என்கிறார். அத்தாட்சிக் கடிதத்தில் மறுபடியும் கலெக்டரின் கையெழுத்து.

எதையாவது மதிப்பிட ஒரு அளவுகோல் வேண்டாமா, தெரிந்ததை வைத்துத்தானே தெரியாததைச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கொஞ்சம் தூரம் வரைக்கும். “விலை ஐந்தில் ஒரு பங்கு, வேலைப்பாடு அதற்கு இணை” என்பது வாங்கப் போகிறவருக்கு உதவும். வாங்கி முடித்து முப்பது வருடமான பிறகும் அந்த வாக்கியத்தைத் தாண்டி நகராமல் இருப்பதுதான் விசித்திரம். அளவுகோலால் அளப்பது ஒன்று, அளவுகோலையே சுவரில் மாட்டிப் பூப்போடுவது வேறு. தண்டரில் 1-ஏ என்ற மாடலில் ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டு இயங்கும் ஒரு சர்க்கியூட் உண்டு. குமிழைத் தட்டினால் ஒலி கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாகிவிடும். வழக்கமான லெஸ்பாலில் அது கிடையாது. இந்தக் கிட்டாருக்கே உரிய குரல் என்று ஒன்று இருக்குமானால் அது அங்கேதான் இருக்கிறது. நம்மவர் அந்தக் குமிழை என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? துண்டித்துவிட்டார். லெஸ்பால் மாதிரிக் கேட்க வேண்டுமாம்.

மலிவான, பேர் தெரியாத கிட்டாரை எடுத்துக்கொண்டு மேடையேறிப் பேர் வாங்கியவர்கள் இல்லையா என்று ஒரு பட்டியலும் அவர் பையில் வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை நானும் மதிக்கிறேன். ஆனால் அது அவருக்குச் சாட்சி சொல்லவில்லை. சிகாகோவில் ஹவுண்ட் டாக் டெய்லர் என்ற ப்ளூஸ் பாடகர் மலிவான ஜப்பானியக் கிட்டாரில், விரலில் உலோகக் குழாயை மாட்டிக்கொண்டு, அறை கிழிய வாசித்தார். அவரைப் பதிவு செய்வதற்காகவே அலிகேட்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கப்பட்டு 1971-இல் முதல் தட்டு வந்தது. ராக் பாடகர் ஜாக் ஒயிட் கையில் பிடித்த சிவப்பு ஏர்லைன், மான்ட்கோமரி வார்டு என்ற தபால் வழிக் கடை விற்ற சரக்கு. உடம்பு மரமே இல்லை, ஃபைபர்கிளாஸ். நாத்தன் டேனியல் என்பவர் நியூஜெர்சியில் செய்த டேன்எலெக்ட்ரோவின் உடம்பில் முன்னும் பின்னும் மரநாரை அழுத்திச் செய்த பலகை, பிக்கப்பின் மூடி உதட்டுச்சாயக் குழாய். சியர்ஸ் கடை அதை சில்வர்டோன் என்ற பெயரில் விற்றது, பின்னாளில் ராக் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் டேன்எலெக்ட்ரோவை மேடைக்குக் கொண்டுபோனார். இவர்களில் யாரும் “இது கிப்சனுக்கு நிகர்” என்று மன்றாடியதாகத் தெரியவில்லை. அந்தக் கிட்டார் கிப்சன் மாதிரி இல்லை என்பதை அவர்கள் குறையாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. டெய்லரின் கிட்டார் ரம்பம் மாதிரி அறுத்தது. அவருக்கு ரம்பம்தான் வேண்டியிருந்தது. 1990-களின் கடைசியில் டேன்எலெக்ட்ரோவை மறுபடி செய்ய வந்தவர்கள், விலை உயர்ந்த மூடி போடாமல் அதே உதட்டுச்சாயக் குழாயின் வடிவத்தைத்தான் விட்டுவிடாமல் வைத்துக்கொண்டார்கள். இப்போது வேறு யாரோ தங்கள் கிட்டாரை “அசல் டேன்எலெக்ட்ரோ மாதிரியே இருக்கும்” என்று விற்கிறார்கள். அந்தப் பக்கமும் ஒரு வெஸ்டோன்காரர் கிளம்பியிருப்பார்.

விலை விஷயத்தில் அவர் படும் பாடு தனி. தன் கிட்டாரின் அருமை ஊருக்குத் தெரியவில்லையே என்பது பகல் கவலை. தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடுமே என்பது இரவுக் கவலை. அதனால் எல்லோரிடமும் சொல்கிறார், சொல்லி முடித்ததும் “வெளியே சொல்லாதீர்கள்” என்கிறார். முன்ஜாக்கிரதையாக இன்னும் இரண்டு தண்டர் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். மூன்றும் சேர்ந்தால் ஒரு நடுத்தர கிப்சனின் விலை வந்துவிடும் என்ற கணக்கை வீட்டம்மா ஒருமுறை போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.

ஊர் மதுக்கடையில் வியாழக்கிழமை தோறும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கும். அங்கே ஒரு பெண்ணுக்குக் கம்பி அறுந்துபோகும். பக்கத்தில் இருக்கும் தண்டரைக் கேட்டு வாங்கி, தலையைக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு நாலு பாட்டு வாசிப்பாள். குமிழ்களை உருட்டிப் பார்த்து, எங்கேயோ ஒரு இடத்தில் நிறுத்தி, அதன் சொந்தக்காரரே கேட்டிராத ஒரு குரலை வெளியே இழுப்பாள். கூட்டம் கைதட்டும். இறங்கி வந்து, “ரொம்ப நல்ல கிட்டார்” என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். எந்த மரத்தாலும் தராசாலும் வரிசை எண்ணாலும் கிடைக்காத தீர்ப்பு. நம்மவர் முகத்தில் மட்டும் ஏதோ குறையும். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பிராண்டு என்று கேட்கவே இல்லையே. பிறகு கம்பிகளைத் துணியால் துடைத்து, பெட்டியை மூடாமல், கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கும் பையன் பக்கம் மெல்லத் திரும்புவார்.

“ஏன் தம்பி, சிங்கர் தையல் மிஷின் தெரியுமா?”