சி ஷிப்ட் சிநேகிதர்

சுங்குவார்சத்திரம் பக்கம் எந்த மொட்டைமாடி ரூமைத் தட்டினாலும் இவர் உள்ளேதான் இருப்பார். எழுந்து வந்து கதவைத் திறக்கும் வழக்கம் மட்டும் கிடையாது. 'வெளிய யாரு?' என்று ரூம் குரூப்பில் கேட்பார்.

ஊர் விழுப்புரமோ திருவண்ணாமலையோ. படிப்பு டிப்ளமோ மெக்கானிக்கல். வேலை ஒரகடத்தில், காருக்குப் பாகம் செய்யும் கம்பெனியில். ரூமில் ஆறு பேர். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். எந்நேரமும் யாராவது ஒருவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதால், அங்கே வாய்விட்டுப் பேசுவது குற்றம். சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும். 'சிலிண்டர் காசு யாரு தரல?' என்று ஒரு கட்டிலிலிருந்து கேள்வி வரும். அடுத்த கட்டில் சிரிப்பு ஸ்டிக்கர் போடும். மூன்றாவது கட்டில் கோபித்துக்கொண்டு குரூப்பைவிட்டு வெளியேறிவிடும். ஆள் அங்கேயேதான் படுத்திருப்பார்.

மாமன் மகன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. மொய்யை ஜிபேயில் தள்ளினார், தாலி கட்டுவதை வீடியோ காலில் பார்த்தார், 'பந்தி செம மாமா' என்று கமென்டும் போட்டார். அத்தை பாவம், மண்டபம் முழுக்கத் தேடியிருக்கிறார்.

இந்தப் பக்கம் இருந்த நோக்கியா ஆலை 2014இலேயே மூடியாயிற்று. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி போன மாதம் இவர் கையால் பல குரூப்புகளுக்குப் போனது. திருக்கோஷ்டியூர் கோபுரமேறி ரகசியத்தை ஊருக்கே உரைத்ததாகச் சொல்லப்படும் இராமானுஜர் பிறந்தது பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில்தானே, மண்வாசனை போலும்.

2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவர் தினமும் தவறாமல் முஷ்டி எமோஜி அனுப்பினார். போராட்டப் பந்தல், ரூமிலிருந்து பைக்கில் போகிற தூரம்தான். ஏன் போகவில்லை என்றால், "நேர்ல போய் என்னண்ணே பேசுறது?" என்றார்.

ஆனால் இவரைப் பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பல கம்பெனிகளில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகவேண்டும். அந்த எட்டு மணி நேரம் இவரைப் பார்க்கவேண்டுமே! ஒடிசா தம்பிக்குத் தமிழில் முதலில் கெட்ட வார்த்தை, பிறகு நல்ல வார்த்தை என்று முறையாகப் பாடம் நடத்துவார். கேன்டீனில் சாம்பார் ஊற்றும் அக்காவிடம், "பாப்பா பிளஸ் டூல எவ்ளோக்கா?" என்று விசாரிப்பார். சூப்பர்வைசரின் முட்டிவலி அவர் வீட்டம்மாவுக்கு முன்னால் இவருக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதற்குப் போனைப் பிடுங்கி வைக்கும் செக்யூரிட்டிதான் காரணம் என்பது என் கட்சி.

ஷிப்ட் முடிந்து போன் கைக்கு வந்ததும் தலை தானாகக் குனியும். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒடிசா தம்பியிடமிருந்து மெசேஜ்: 'அண்ணா, சாப்டீங்களா?'

'சாப்டேன் தம்பி. நீ?'

'சாப்டேன் அண்ணா.'

இருவரும் கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். இப்போது உட்கார்ந்திருப்பதும் ஒரே சீட்டில்.