பாத்துங்க அண்ணன்

லாரியின் பின்கதவுக் கொக்கி விழுகிற சத்தம் போதும், அவிநாசிபாளையத்தில் எந்த டீக்கடையில் இருந்தாலும் பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவார். திருச்சி–கோவை ரோடும் திருப்பூர்–தாராபுரம் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஊர். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் என்ன பஞ்சம்? யாருடைய மிஷின், எங்கே போகிறது, வாடகை யார் தருவது என்பதெல்லாம் அண்ணனுக்கு வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டினார் என்றால் டூட்டி ஆரம்பம்.

"பாத்துங்க!"

ஹைட்ரா கிரேன் கை நீட்டினால் ஒரு பாத்துங்க. பெல்ட் முறுக்கேறினால் இரண்டு. மிஷின் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டால் மூச்சு விடாமல் பாத்துங்க பாத்துங்க பாத்துங்க. ஒடிசாப் பையன்களுக்காக "தீரே தீரே" என்று இந்தியும் வைத்திருக்கிறார்; அது புரியாதோ என்று சந்தேகம் வந்தால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். ஹைட்ரா டிரைவர் ஒருமுறை இன்ஜினை அணைத்துவிட்டு, "எதைங்கண்ணா பாக்கோணும்?" என்று கேட்டார். அண்ணன் யோசித்தார். "எல்லாத்தையும்தான்" என்றார்.

முப்பது இஞ்ச், இருபத்துநாலு கேஜ் நிட்டிங் மிஷின் என்றால் சிலிண்டரைச் சுற்றி மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஊசி. எடை இரண்டு டன் தேறும். அதன் இரும்புக் காலை லாரியில் இடித்தால் லாரிதான் நசுங்கும். உடைவது மேலே வளையத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கிற, நூல் ஊட்டுகிற பீடர்கள். விவரம் தெரிந்த பிட்டர் வாயே திறக்க மாட்டார். நூல் கோன் நிற்கிற கிரீலைக் கழற்றித் தனியாக ஏற்றுவார், கயிறு பீடர் பக்கமே போகாமல் கீழே காலோடு சேர்த்துக் கட்டுவார், பீடி பற்றவைத்துக்கொள்வார்.

அண்ணனுடைய வைத்தியம் பனியன் வேஸ்ட். மூட்டை மூட்டையாகக் கொண்டுவரச் சொல்லி மிஷினுக்குத் தலைப்பாகை கட்டிவிடுவார். அதற்குப் பிறகு பீடர் எங்கே இருக்கிறது என்று மிஷின் செய்தவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அதன் மேலேயே கயிற்றைப் போடச் சொல்லி, "நல்லா இழுத்துக் கட்டுங்க, பாத்துங்க!" உள்ளே இருந்து சன்னமாக ஒரு 'டக்'. வேஸ்ட்டுக்குள் கேட்டதால் அது அவர் காதில் விழுவதில்லை.

இந்த அண்ணன் கடற்கரையிலும் இருப்பார், சந்தேகமில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பிள்ளைகள் பாய்மரம் பழகுகிற ஆப்டிமிஸ்ட் படகு வெறும் 35 கிலோ. ஆனால் அதற்கும் வாலில் சுக்கான் உண்டு. அதை மாட்டியபடியே டிரெய்லரில் இழுத்து ஏற்றினால், அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற பலகை தரையிலோ குறுக்குச் சட்டத்திலோ தட்டி, அது தொங்குகிற முளை வளைந்துவிடும். அதனால் முதல் வேலையாகச் சுக்கானைத் தூக்கிக் கழற்றி, துணி சுற்றிக் காருக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு நிமிஷ வேலை. நம் அண்ணன் நின்றிருந்தால் சுக்கானோடு சேர்த்துப் படகுக்கே மெத்தை போர்த்தியிருப்பார்.

குறையாகவே சொல்லக் கூடாது. மிஷினை நகர்த்துகிற உருளைப் பைப்புக்கு நேராகக் காலை வைத்த பையனைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டவரும் அவர்தான். சட்டை கிழிந்தது, கால் தப்பியது. அன்றைக்கு ஒருநாள்தான் அவர் வாயிலிருந்து பாத்துங்க வரவில்லை, வர நேரமில்லை.

அதற்காக உடைந்த பீடருக்கு யார் காசு கொடுப்பது? மிஷின்காரன் நான்தான் கொடுத்தேன். பிட்டர் புது பீடர் மாட்டி, டயல் கேஜ் வைத்து சிலிண்டர் மட்டம் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணன் பக்கத்திலேயே நின்று, "அப்பவே சொன்னனுங்களே" என்றார். நியாயம்தான், சொன்னார்.

அடுத்த மிஷின் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இறக்கித் தர முடியுமா என்று ஹைட்ராக்காரரைக் கேட்டேன். இரட்டை வாடகை ஆகும் என்கிறார். பீடர் விலையோடு ஒத்துப் பார்த்தேன், கட்டுபடியாகிறது.