ஜீன்ஸும் ஆசனமும்: ஆடவர் நீலக் காற்சட்டைத் தேர்வு பற்றி ஓர் அமர்நிலை ஆய்வு

ஆண்கள் ஜீன்ஸ் வாங்குவது பற்றி இதுவரை சொல்லப்பட்டுவரும் அறிவுரைகள் எல்லாம் நிற்கிற மனிதனுக்குச் சொல்லப்பட்டவை. விளம்பரப் பலகையில் இருப்பவன் ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து நிற்கிறான். கடைப் பொம்மை நிற்கிறது, பல கடைகளில் தலைகூட இல்லாமல். ட்ரையல் ரூம் கண்ணாடிக்கு ஆள் உயரம் உண்டு, அகலம் இல்லை. அதன் முன் நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்து பார்க்க முடியாது. கதவைத் திறந்து வெளியே வந்ததும் “பக்காவா இருக்கு சார்” என்று சேல்ஸ்மேன் சான்றிதழ் வழங்குவதும் நிற்கிறவனுக்கே. பில் போட்டு வெளியே வந்தவனோ அடுத்த நிமிடம் வண்டியில் உட்காருகிறான். பிறகு அலுவலக நாற்காலி, டீக்கடை பெஞ்சு, பேருந்து இருக்கை, உறவினர் வீட்டுத் தரை, கல்யாணப் பந்தி. இரவு கழற்றிப் போடும்வரை அந்தத் துணி நிற்கும் நேரம் சொற்பம். ஆகவே இக்கட்டுரையின் கருதுகோள் இதுதான்: அன்றாட ஜீன்ஸ் என்பது உட்காரும் உடை, அதை உட்கார்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதற்கும் ஒத்துவரும் ஜீன்ஸ் எது என்ற கேள்வியை எல்லாரும் இடங்களை வைத்துக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஆசனங்களை வைத்து.

இத்துறையில் தமிழில் முன்னோடி ஆய்வுகள் குறைவு. 1998இல் இயக்குநர் ஷங்கர் ‘ஜீன்ஸ்’ என்றே தலைப்பிட்டு ஒரு பெரும் படைப்பை வெளியிட்டார். ஆனால் அது இரட்டையர்களின் கல்யாணப் பிரச்சினையில் இறங்கிவிட்டதால் நம் ஆய்வுக்குப் பயன்படவில்லை. எனவே மூல ஆவணத்துக்கே போக வேண்டியிருக்கிறது. நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் தையல்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸும், சான் பிரான்சிஸ்கோவின் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று அமெரிக்கக் காப்புரிமை எண் 139,121ஐப் பெற்றார்கள். பாக்கெட் முனைகளில் செம்பு ஆணி அடித்து, அதாவது ரிவெட் வைத்து, தையல் விடாமல் காப்பதே அவர்களுடைய கண்டுபிடிப்பு. தையல் ஏன் விட்டுப்போகிறது என்பதற்கு அந்தக் காப்புரிமை சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: அடிக்கடி பாக்கெட்டில் கை விடுவது. பாக்கெட்டில் கை விடுகிறவன் யார்? நிற்கிறவன். ஆக, பிறப்பிலேயே இந்த உடைக்கு ஒரு சாய்வு இருந்திருக்கிறது.

உட்கார்ந்தவர்கள் தங்கள் திருத்தத்தைச் சேர்க்க 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பின் பாக்கெட்டு ரிவெட்டுகள் குதிரைச் சேணத்தையும் வீட்டு நாற்காலிகளையும் கீறுகின்றன என்று புகார் எழுந்து, 1937இல் லீவைஸ் நிறுவனம் அவற்றைத் துணிக்கு அடியில் மறைத்துத் தைத்தது. மறைத்தும் உறுத்தல் ஓயவில்லை. 1966இல் அவற்றை அடியோடு நீக்கிவிட்டு நெருக்கமான நூல் தையல் போட்டார்கள். கவட்டில் ஒரு ரிவெட் இருந்தது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மறைந்தது. போருக்கு உலோகத்தை மிச்சம் பிடிக்க என்பது ஒரு காரணம். அதற்கு முன்பே, நெருப்பு மூட்டிக் குளிர்காயக் குந்தியவர்களுக்கு அந்த ஆணி சூடேறியதாக ஒரு கதையும் உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதைச் சொல்லிவைத்தவர்கள் குந்திப் பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஜீன்ஸின் வரலாறு நின்றவன் அடித்த ஆணிகளை உட்கார்ந்தவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய வரலாறு.

இனி அகச்சான்று. ஜீன்ஸுக்கு நீலம் தரும் இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். வேதிப்பொருள் சேர்த்து அதன் தன்மையை மாற்றித்தான் கரைக்கிறார்கள். அதில் முக்கி எடுக்கும் நூல் பச்சையும் மஞ்சளுமாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. சாயம் நூலின் மேல்தோலில் மட்டும் தங்குகிறது, உள்ளே வெள்ளை அப்படியே இருக்கிறது. பாவு நூல் மட்டுமே சாயமேறியது, ஊடை நூல் வெள்ளை. ஜீன்ஸின் உட்புறம் வெளுத்திருப்பது அதனால்தான். இப்படிப்பட்ட துணி உரசும் இடமெல்லாம் வெளுக்கும். பழைய ஜீன்ஸ் ஒன்றை விரித்துப் பார்த்தால் தொடை மடிப்பில் விசிறிபோல் வெள்ளைக் கோடுகள், முட்டிக்குப் பின்னால் தேனடை போன்ற சுருக்கங்கள், பின் பாக்கெட்டில் பர்ஸின் சதுரம். எல்லாம் உட்கார்ந்ததன் பதிவுகள். நின்றதற்கான தடயம் எங்கும் இல்லை. தொழிற்சாலைகளுக்கும் இது தெரியும். அதனால்தான் யாரும் ஒருமுறைகூட உட்காராத புது ஜீன்ஸில், லேசர் வைத்தும் உப்புத்தாளால் தேய்த்தும் தொடைக் கோடுகளை வரைந்து விற்கிறார்கள். முன்பு இதற்கு மணலைப் பீய்ச்சினார்கள். அந்தத் தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்து பலர் இறந்தபின் 2009இல் துருக்கி அந்த முறையைத் தடை செய்தது. யாரோ உட்கார்ந்ததுபோல் காட்ட மனிதர்கள் மூச்சுத் திணறினார்கள் என்பதில் நகைக்க ஒன்றுமில்லை. கோடு வரையாத, ஒரே சீரான அடர்நீலத்தை வாங்குங்கள். கோடுகளை உங்கள் மடியே போட்டுக்கொள்ளும், அதுவும் உங்கள் மடிக்கு ஏற்ற இடத்தில்.

கிழிசலும் இதையே சொல்கிறது. முட்டியில் கிழிந்த ஜீன்ஸ் பெரும்பாலும் கடையிலிருந்தே கிழிந்து வருவது. தானாகக் கிழியும் ஜீன்ஸ் கவட்டுக்குச் சற்றுக் கீழே, தொடையின் உட்பக்கத்தில் நைந்துதான் கிழியும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நான்கு தையல்கள் வந்து கூடும் அந்த இடத்தில் துணி பல மடிப்பாகத் தடித்திருக்க, அதன் ஓரத்தில் தொடைகள் நாள் முழுக்க உரசுகின்றன. எனவே அளவெடுக்க வேண்டியது இடுப்பை மட்டும் அல்ல. கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரையுள்ள உயரம் போதுமானதாக இருக்க வேண்டும்; லோ வெயிஸ்ட் ஜீன்ஸில் உட்காருகிறவனின் பின்புறம் பார்ப்பவர்களுக்குத் தர்மசங்கடம். தொடையில் இருபுறமும் விரலால் கொஞ்சம் துணியைக் கிள்ள முடிய வேண்டும். முட்டிக்குக் கீழே நேராகவோ சற்றே குறுகியோ இறங்கினால் போதும்.

‘ஸ்ட்ரெச்’ துணி வந்துவிட்டதே, இனி எதற்கு இந்த ஆராய்ச்சி என்பார்கள். நூற்றில் ஒன்றிரண்டு பங்கு எலாஸ்டேன் சேர்ப்பதை இக்கட்டுரை எதிர்க்கவில்லை. சம்மணம் போட அது உதவும். ஆனால் நாளாக நாளாக, இழுபட்டது பழையபடி திரும்பாமல் முட்டி பைபோல் தொங்கிவிடும். பிறகு எழுந்து நின்றாலும் அந்தக் கால்சட்டை மட்டும் உட்கார்ந்தே இருக்கும்.

இறுக்கத்தை ஆதரிப்பவர்கள் மருத்துவச் சான்றையும் கொஞ்சம் படிக்கலாம். 2015இல் ஒரு நரம்பியல் இதழில் ஆஸ்திரேலியப் பெண் ஒருவரின் நோய்க் குறிப்பு வெளியானது. உறவினர் வீடு மாறுவதற்கு உதவப் போனவர், ஒட்டிப் பிடிக்கும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பல மணி நேரம் குந்தியபடி அலமாரிகளைக் காலி செய்திருக்கிறார். மாலையில் கால்கள் மரத்து, நடக்கும்போது விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். கெண்டைக்கால் வீங்கியதில் மருத்துவமனையில் அந்த ஜீன்ஸை வெட்டித்தான் எடுத்தார்கள். அவர் பெண்தானே என்று கேட்பவர்களுக்கு: நரம்புக்கு ஆண் பெண் பேதம் தெரியாது. ஆண்களுக்கென்றே தனிச் சான்று வேண்டுமானால் 1978 இருக்கிறது. பின் பாக்கெட்டில் கனத்த பர்ஸை வைத்து அதன்மேலேயே உட்காருவதால் வரும் கால்வலியை அந்த ஆண்டு ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்தது. பர்ஸை முன் பாக்கெட்டுக்கு மாற்றுவது இலவச சிகிச்சை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். உட்காருவதுதான் அளவுகோல் என்றால் கைலியை மிஞ்ச எது உண்டு? சம்மணம், குந்துதல், திண்ணையில் ஒரு காலைத் தூக்கிப் போடுதல் என எல்லா ஆசனத்திலும் கைலி முழு மதிப்பெண் வாங்கும். இதை இக்கட்டுரை முழுமனதாக ஒப்புக்கொள்கிறது. வீட்டுக்குள் ஜீன்ஸுக்கு வேலையே இல்லை. ஆனால் கைலியால் வண்டியில் காற்றைச் சமாளிக்க முடியாது. அலுவலகக் காவலாளியையும் முடியாது. வீட்டு வாசற்படிக்கு வெளியே கைலிக்கு மிக அருகில் வரும் ஜீன்ஸ் எது என்பதே நம் தேடல் என்று கருதுகோளைச் சற்றுத் திருத்திக்கொண்டால் மறுப்பு நமக்கு ஆதாரமாகிவிடுகிறது.

வாசலில் தடுக்கப்படுகிறவன் நிற்கிறவன்தானே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். 2016 ஜனவரி முதல் தமிழகக் கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு என்று ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஜீன்ஸ் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் அந்த உத்தரவும் தடைபட்டது. பல கல்லூரிகளில் இன்றும் ஜீன்ஸுக்கு அனுமதி இல்லை. இத்தகைய இடங்களுக்கு எந்த ஜீன்ஸும் ஒத்துவராது, வேட்டியோ பேண்ட்டோதான். மற்ற இடங்களில், கிழிசலும் எம்பிராய்டரியும் இல்லாத அடர்நீலம் சட்டையை உள்ளே விட்டாலும் வெளியே விட்டாலும் பெரியவர்களின் பார்வையைத் தாண்டிவிடும். ஒரே ஆபத்து, அடர்நீலம் முதல் சில வாரங்கள் சாயம் விடும். பெண் பார்க்கப் போன வீட்டின் வெள்ளை சோபாவில் புது ஜீன்ஸோடு உட்காருவது சம்பந்தத்தையே கெடுக்கலாம். கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்ற வீட்டு வைத்தியம் இண்டிகோவிடம் பலிக்காது. உட்புறம் வெளியே வரத் திருப்பித் தனியாக இரண்டு மூன்று முறை அலசுவதே வழி.

அலசுவது என்றதும் ஜீன்ஸ் பக்தர்கள் பதறுவார்கள். 2014இல் லீவைஸ் தலைவர் சிப் பெர்க், தாம் அணிந்திருந்த ஜீன்ஸ் ஓராண்டாகத் துவைக்கப்படாதது என்று மேடையிலேயே அறிவித்தார். அவர் கத்திரி வெயிலில் சென்னையின் 29சி பேருந்தில் உட்கார்ந்து போனவர் அல்லர். வியர்க்கிற ஊரில் துவைத்தே ஆக வேண்டும். துவைத்தால் காய வேண்டும். ஆகவே துணியின் எடை முக்கியம். சதுர கஜத்துக்கு 14 அவுன்சும் அதற்கு மேலும் உள்ள துணி ஐப்பசி மழையில் கொடியில் தொங்கினால் கால் காய்ந்தாலும் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் ஈரமாகவே கிடக்கும். ஈரப் பட்டியோடு உட்காருவது என்ன அனுபவம் என்பதை ஆய்வு நாகரிகம் கருதி விவரிக்கவில்லை. 10 முதல் 12 அவுன்ஸ் நம் ஊருக்குப் போதும்.

தையற்கடை நோட்டுப் புத்தகத்தில் இடுப்பு, நீளம், தொடை, முட்டி, பாட்டம் ஆகியவற்றோடு ‘சீட்’ என்றும் ஓர் அளவு இருக்கும். ரெடிமேட் ஜீன்ஸின் லேபிளில் 32, 34 என்று இடுப்பும் நீளமும் மட்டுமே. உட்காரும் இடம் பற்றி மௌனம். 1990களில் அரவிந்த் மில்ஸ், துணி, ஜிப், ரிவெட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று விற்று, தைக்கும் வேலையை ஊர்த் தையல்காரர்களிடமே விட்டது. அந்தத் தலைமுறை ஜீன்ஸ்களாவது சீட் அளவு பார்த்துத் தைக்கப்பட்டவை. இன்று அந்த அளவை நாமே எடுக்க வேண்டும்: ட்ரையல் ரூமில் பட்டன் போட்டுச் சம்மணமிட்டு, குந்தி, வண்டியில் ஏறுவதுபோல் ஒரு காலைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். வெளியே காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். ஆய்வு என்றால் இடையூறு இருக்கத்தான் செய்யும். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு போவது முறையியல்படி உசிதம்.

இந்தக் கோட்பாட்டுக்கு அடங்காமல் நிற்பது ஒன்றே ஒன்று: வலப்பக்க முன் பாக்கெட்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டிப் பாக்கெட். சங்கிலிக் கடிகாரம் வைப்பதற்காக வந்தது. கடிகாரம் போய்விட்டது, பாக்கெட் போகவில்லை. உட்கார்ந்த நிலையில் அதற்குள் விரல் நுழையாது. அதில் சில்லறை போட்டுவைத்த பயணி, கண்டக்டர் கேட்டதும் ஓடும் பேருந்தில் எழுந்து நின்று, இடுப்பை நெளித்து, இரண்டு விரலால் துழாவுகிறார். கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த ஒற்றை ரூபாய் பெரும்பாலும் வாஷிங் மெஷினில்தான் வெளியே வருகிறது.